குருவியைக் கலைக்காத பரண்

களங்கண்டி வலைக்குக் கம்பு நடுவது என் தொழில். கடல்நீரேரியில் ஆழமில்லாத இடம் பார்த்து, கம்புகளை வரிசையாக நட்டு, வலையை அதில் கட்டிவிடுவோம். இறால் வலையோடு ஒட்டி வந்து கடைசியில் உள்ள கூட்டுக்குள் விழும். நாவற்குழிப் பாலத்தால் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். தண்ணீரில் வேலி அடைத்த மாதிரித் தெரியும்.

என்னோடு கம்பு நடுகிறவன் என் மனைவியின் தம்பி. நான் ஒரு நாள் முழுக்கக் கதைப்பதை அவன் ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்க முன்னம் கதைத்துவிடுவான். ஆனால் கம்பு நேராக நிற்கிறதா என்று தூரத்தில் நின்றே சொல்லுவான். அதற்காகப் பொறுத்துக்கொள்வேன்.

நாங்கள் வலை கட்டுகிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சேற்றுமேடு இருக்கிறது. மாரி முடிந்து தண்ணீர் இறங்கும்போது பூநாரைகள் வந்து மேய்கிற இடம். அந்தக் கரையை இப்போது பறவைகளுக்கான பூங்கா ஆக்கியிருக்கிறார்கள். வலை கட்டக் கூடாது. சேற்றுக்குள் கையால் தடவி இறால் பிடிக்கிற பெண்களை மட்டும் தடுக்கவில்லை. என் மனைவி அப்படித் தடவுகிறவள். சண்டைக் காலத்தில் பல வருடங்கள் எங்களை நீரேரியில் இறங்க விடவில்லை. பூநாரைகள் மட்டும் இறங்கின. திரும்ப இறங்க விட்ட அன்று அவள் முதலில் போய் நின்றது அந்த மேட்டில்தான்.

ஒரு வைகாசி மாதம் ஒரு பெண்பிள்ளை ஸ்கூட்டியில் எங்கள் வீட்டு வாசல் படலைக்கு வந்தார். கட்டடம் வரைகிற படிப்புப் படித்தவர். இங்கே பக்கத்துத் திருநெல்வேலியில் அறை எடுத்து இருந்தார். பூங்காவில் பறவை பார்க்க ஒரு மேடை கட்ட வேண்டும், அதை வரைகிற வேலை அவருடையது. மச்சான் அவரைக் கண்டவுடன் மிஸ் என்று கூப்பிட்டான். பிறகு எல்லாரும் மிஸ் என்றுதான் கூப்பிட்டோம்.

"அண்ணை, சேத்தைக் கிண்டாமல், மிசின் கொண்டுவராமல் கம்பு நடலாமோ?"

"ஓம்."

"பேந்து வேணாமெண்டா இழுத்து எடுக்கலாமோ?"

"ஓம்."

"எடுத்தா அந்த இடம் முந்தி மாதிரி வருமோ?"

"ஒரு மாரி போனா வரும்."

அவருக்கு என் பதில்கள் போதுமாக இருந்தன. மச்சானுக்குப் போதவில்லை.

"என்ன மிஸ், பரணோ கட்டப் போறியள்? எங்கடை ஊரிலை பரண் கட்டுறது வயல்லை குருவி கலைக்க."

"இது கலைக்காத பரண்."

"அப்பிடி ஒண்டை நான் இன்னும் காணேல்லை."

"நானும் காணேல்லை. அதுதான் உங்களிட்டை வந்தனான்."

சீமெந்து நிலத்தில் படத்தை விரித்துக் காட்டினார். கரையிலிருந்து ஒரு நடைபாதை. அதன் முடிவில் ஓலைத் தட்டி அடைத்த ஒரு சிறு கொட்டில். படிக்கட்டு இல்லை. கரையிலிருந்து சரிவாகவே போகும். சில்லு நாற்காலியில் இருக்கிறவரும் போகலாம் என்றார். சீமெந்து இல்லை, ஆணி இல்லை. எல்லாம் சரி. ஆனால் கொட்டில் நிற்கப் போகிற இடம் அந்தச் சேற்றுமேட்டின் வாய்.

குசினிக்குள் நின்ற என் மனைவி வெளியே வந்தாள்.

"பிள்ளை, அதிலைதான் பூநாரை மேயிறது. அதுக்குள்ளை கம்பு நட்டா அதுகள் எங்கை போகும்?"

மிஸ் படத்தில் அந்த இடத்தைப் பார்த்தார். பிறகு, வேறொரு இடத்தில் சீமெந்தில் உயரமாகக் கட்டிய ஒரு கோபுரத்தைப் பற்றிச் சொன்னார். அது கட்டிய பிறகு பறவைகள் தள்ளிப் போய்விட்டன. இப்போது அதில் ஆடு ஏறி நிற்கிறது.

"அது மாதிரி ஒண்டை நான் விட்டிட்டுப் போகமாட்டன் அக்கா. கட்டினாப் பிறகு தை முடியுமட்டும் பாப்பம். மேட்டுக்குப் பூநாரை வராட்டி, கழட்டிப் போடுவம். ஒரு கம்பும் மிஞ்சாது. பூங்காக்காரரிட்டையும் சொல்லித்தான் பாரமெடுத்தனான்."

"கழட்டினா அதுகளுக்குத் தெரியுமோ, கழட்டியாச்சு வாங்கோ எண்டு?"

மிஸ் படத்தைச் சுருட்டத் தொடங்கினார். ஆனாலும் நான் ஓம் என்றேன். இங்கே மண்ணைக் கிண்டாமல் கம்பு நடத் தெரிந்தவர்கள் குறைவு. நான் மாட்டேன் என்றால் மிசின் வரும்.

மனைவி ஓம் என்று சொல்லவில்லை. மிஸ் போன பிறகு ஒன்று சொன்னாள்.

"பூநாரை வராட்டி, கலைச்சது நீங்கள்தான். நான் ஊரெல்லாம் சொல்லுவன்."

பகிடி மாதிரித்தான் சொன்னாள். ஆனால் பகிடி இல்லை.

வேலை தொடங்க முன்னம் மிஸ் என்னைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நீரேரியில் கொக்கும் உள்ளானும் நின்றன. நான் நின்றபடி அவற்றைப் பார்த்தேன். கிட்ட நின்றவை எழும்பித் தூரப் போய் இறங்கின. அது எனக்குப் புதிது இல்லை. நான் போனால் பறவை எழும்பும். எப்போதும் அப்படித்தான்.

"இப்ப இருங்கோ அண்ணை."

சேற்றுக்கரையில் குந்தினேன். அவரும் குந்தினார். ஒன்றும் கதைக்கவில்லை. கால் விறைத்தது. கொஞ்சம் கொஞ்சமாக உள்ளான்கள் திரும்பி வந்தன. என் காலடிக்கு ஒரு பாய் அகலத்தில் ஒன்று வந்து நின்று சேற்றுக்குள் சொண்டை விட்டு இழுத்தது. அதன் முதுகில் ஒவ்வொரு இறகுக்கும் ஒரு வெள்ளைக் கரை இருந்தது. தையல்காரன் பட்டி வைத்துத் தைத்த மாதிரி. இத்தனை வருடம் நீரேரியில் நின்றவன், அந்தக் கரையை நான் கண்டதில்லை.

"நிக்கிற ஆள் வானத்துக்கு எதிராத் தெரியும். குந்தி இருக்கிற ஆள் நிலத்தோடை போயிடும்" என்றார் மிஸ். "அதுதான் கொட்டில் உயரமில்லை. ஒருத்தரும் நிமிர்ந்து நிக்கேலாது."

எனக்கு அப்போதுதான் அந்தப் படம் விளங்கியது.

வீதியை அகலிக்க விழுத்தின பனைகள் கம்பாக வந்தன. இடித்த பழைய வீடுகளின் கூரையில் கிடந்த பனஞ்சிலாகைகள் நடைபாதைக்கு வந்தன. கறுத்து, வைரம் பாய்ந்து, தட்டினால் இரும்பு மாதிரிச் சத்தம் போட்டன. ஆணிக்குப் பதிலாக மர முளையும் தும்புக் கயிறும். மச்சானுக்கு நைலோன் கயிறுதான் விருப்பம்.

"மிஸ், நைலோன் எண்டா உங்கடை பேரப்பிள்ளையள் வந்தாலும் இருக்கும்."

"அதுதான் எனக்குப் பயம்."

அவன் சிரித்துவிட்டுத் தும்பை எடுத்தான்.

கம்பு இறக்குவது இப்படி. கம்பின் நெஞ்சில் குறுக்கே ஒரு தடி கட்டுவோம். ஆளுக்கொரு பக்கம் தடியைப் பிடித்துக்கொண்டு கம்பை முறுக்கி முறுக்கி ஆட்டுவோம். அடியில் காலால் மிதித்துச் சேற்றை இளக்குவோம். கம்பு தன் பாரத்திலேயே இறங்கும். இறுகும் இடம் வரும்வரை விடக்கூடாது. அடிக்கவும் கூடாது. அடித்தால் நீரேரி முழுக்கக் கேட்கும். பனங்கம்பு களங்கண்டிக் கம்பை விடப் பல மடங்கு பாரம். ஒரு கம்பு இறக்கிவிட்டுக் கரையில் போய்ப் படுத்துக் கிடப்போம். தெற்கிலிருந்து வருகிற சோழகக் காற்று முகத்தில் உப்பை அப்பும்.

சிலாகைகளை நெருக்கி அடுக்கப் பார்த்தேன். மிஸ் விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி விடச் சொன்னார். கீழே தண்ணீருக்குள் வளர்கிற சாதாளைப் புல்லுக்கு வெயில் போக வேண்டுமாம். வெயில் இல்லாவிட்டால் சாதாளை இல்லை, சாதாளை இல்லாவிட்டால் இறால் இல்லை, இறால் இல்லாவிட்டால் பறவை ஏன் வரும் என்று கேட்டார். வீட்டில் போய் அதைச் சொன்னேன். மனைவி சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"அந்தப் பிள்ளைக்கு அது தெரியுமே?" என்றாள். பிறகு சட்டியைக் கழுவினாள்.

ஆடி மாதம், நடைபாதை பாதித் தூரம் போன நேரம். மச்சான் முன்னால் போனவன் கையைக் காட்டி என்னை நிறுத்தினான். படத்தில் அடுத்த கம்பு வர வேண்டிய இடத்தில், தண்ணீருக்கு மேலே கொஞ்சமாகத் தெரிந்த ஒரு சேற்றுத் திட்டியில், ஒரு பறவை இருந்தது. கறுத்த செட்டை, வெள்ளை உடம்பு. எழும்பியபோது சிவந்த கால் நீண்டுகொண்டே வந்தது. அடியில் முட்டைகள். சேற்று நிறம், கறுப்புப் புள்ளி.

மிஸ் வந்து பார்த்தார். பவளக்காலி என்றார்.

"வளைச்சுப் போவம்."

"படத்திலை நேரா எல்லோ கிடக்கு?" என்றான் மச்சான்.

"படத்தை நான்தானே கீறினனான். நானே மாத்திறன்."

வளைவுக்குக் கம்பு நட்டால் கூட்டுக்கு மிகக் கிட்ட வரும். ஆகவே அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு, கொட்டிலுக்கு மேலே போடுகிற தட்டிகளைக் கரையில் இருந்து பின்னினோம். மழை இல்லாத மாதம். ஆனால் அந்த வருடம் ஒரு பின்னேரம் பிடித்த மழை அடுத்த நாளும் விடவில்லை. நீரேரி ஏறியது. கூடு தாழப் போகிறது என்று மூவரும் போய்ப் பார்த்தோம்.

மழைக்குள் அந்தப் பறவை வேலை செய்துகொண்டிருந்தது. சாதாளைத் துண்டு, குச்சி, சிப்பி ஓடு. சொண்டால் எடுத்து வரும். முட்டையின் கீழே செருகும். ஒரு முட்டையை மெதுவாக உருட்டும். அதன் அடியில் செருகும். அடுத்த முட்டை. சோடி வந்து மாறும். தண்ணீர் ஒரு விரல் ஏறினால் கூடும் ஒரு விரல் ஏறியது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே திட்டி தாழ்ந்துபோனது. கூடு மட்டும் தண்ணீருக்கு மேலே நின்றது.

மிஸ் குடையைப் பிடிக்க மறந்துபோய் நனைந்துகொண்டு நின்றார். மச்சானுக்கு அன்றைக்குத்தான் வாய் அடைத்தது. திரும்பி நடக்கும்போது கேட்டான்.

"அத்தான், உதுக்கு ஆர் சொல்லிக் குடுத்தது?"

எனக்குத் தெரியாது. நான் கம்பு நடுகிறவன். ஒரு தடியும் கையும் இரண்டு ஆளும் இருந்தால்தான் எனக்கு ஒரு கம்பு. அதற்குச் சொண்டு மட்டும். மழை. ஏறுகிற தண்ணீர். அதுவும் முட்டை உடையாமல்.

குஞ்சுகள் பொரித்து நடந்து போன பிறகு மிச்சக் கம்பை நட்டோம். வளைவோடு. புரட்டாதியில் வேலை முடிந்தது. தட்டிகளில் பார்க்கிறதற்கு நீளமாகக் கண் விட்டோம். பெரியவருக்கு ஒன்று, சின்னப்பிள்ளைக்குக் கீழே ஒன்று. கடைசிக் கயிற்றை இறுக்கிய பிறகு மச்சான் தான் உடுத்துப் பழசான வெள்ளைச் சாரத்தைக் கிழித்து, கொட்டிலின் வெளி மூலைகளில் கூரைக்கு மேலே நீண்டு நின்ற இரண்டு கம்புகளிலும் ஒவ்வொரு துண்டு கட்டினான். களங்கண்டி நட்டு முடித்தால் கடைசியாகச் செய்கிற வேலை அது. விடியப்புறம் வருகிற வள்ளம் கம்பில் முட்டாமல் இருக்க. அது கட்டினால்தான் எங்களுக்கு வேலை முடிந்த மாதிரி. நீரேரி முழுக்க அப்படித் துணிகள் நிற்கின்றன. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். மிஸ்ஸும் நின்றார்.

மாரி வந்தது. வடக்கிலிருந்து வாடைக்காற்று தொடங்கியது. ஊசிவால் தாராக்கள் வந்து இறங்கின. வானம் தெரியாத அளவுக்கு வந்தன. ஆனால் நடு நீரேரியில். மேட்டுக்குக் கிட்ட ஒன்றும் வரவில்லை.

மிஸ் அடிக்கடி வந்தார். கொட்டிலுக்குள் இருந்து பார்ப்பார். திரும்பி எங்கள் வீட்டுக்கு வந்து வெறுந்தேத்தண்ணி குடிப்பார். வெட்டின கம்பு முனைகள் புது நிறத்தில் மினுங்குகின்றன என்று சேறு பூசச் சொன்னார். பூசினோம். தட்டியின் கண் பெரிது என்றார். சிறுக்கினோம். நடைபாதையில் ஒருத்தரும் போகக் கூடாது என்று கரையில் கயிறு கட்டினார். மார்கழியில் பூநாரைகள் வந்தன. தொங்கலில், தண்ணீரும் வானமும் சேருகிற இடத்தில், ரோசாக் கோடு ஒன்று. அவ்வளவுதான்.

"காத்து விழுந்த நேரத்திலை கொஞ்சம் கிட்ட வருகுதுகள் அண்ணை. காத்து எழும்பத் திரும்பிப் போகுதுகள். தட்டி ஆடுதோ தெரியேல்லை."

தட்டியை இன்னும் இறுக்கிக் கட்டினோம். தட்டி அசையவில்லை. அவையும் வரவில்லை.

தை பிறந்தது. தண்ணீர் இறங்கியது. மேடு தெரியத் தொடங்கியது. ஒவ்வொரு வருடமும் அவை அதில் நிற்கிற நேரம் அது. வெறும் மேடு. மனைவி ஊரெல்லாம் சொல்லுவேன் என்றவள், ஒருத்தருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. அவள் திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். சோற்றைப் போடுவாள். போய் வருவாள். ஒரு நாள் மட்டும், இறால் போடுகிற பறியைக் கழுவிக்கொண்டு, யாருக்கோ சொல்வது போலச் சொன்னாள்.

"மேட்டிலை தனிய நிக்க ஒரு மாதிரிக் கிடக்கு."

தை முடிகிற கிழமை மிஸ் போன் எடுத்தார். குரல் மாறவில்லை.

"கழட்டுவம் அண்ணை. நாளைக்கு விடிய நானும் வாறன். அதுகள் திரும்பிப் போறதுக்குள்ளை கொஞ்ச நாளாவது மேட்டிலை மேயட்டும்."

"ஓம்."

அடுத்த நாள் விடிய நானும் மச்சானும் போனோம். மிஸ் வரவில்லை. ஸ்கூட்டிக்குக் காற்றுப் போய்விட்டது, தொடங்குங்கோ என்று செய்தி வந்தது. மச்சான் நடைபாதை முழுக்கப் புறுபுறுத்துக்கொண்டு வந்தான்.

"கட்டின கையாலை கழட்டுறது. நாய்க்குத்தான் வேலையில்லை எண்டு பாத்தா எங்களுக்கும் இல்லை."

களங்கண்டி கழற்றும்போது முதலில் துணியைத்தான் அவிழ்ப்போம். துணி நின்றால் அங்கே வலை நிற்கிறது என்று மற்ற வள்ளங்கள் ஒதுங்கிப் போகும். வலை இல்லாத இடத்தில் துணியை விடக் கூடாது. மச்சான் கம்பில் ஏறி இரண்டு துணியையும் அவிழ்த்துச் சாரத்தின் மடிக்குள் செருகினான். பிறகு கொட்டிலின் வாசலில் இரண்டு சிலாகையின் கயிற்றை அறுத்துத் தூக்கி வைத்தோம். அந்த நேரம் வாடைக்காற்றோடு ஒரு மழைத் தூறல் அடித்துக்கொண்டு வந்தது. உள்ளே போய்க் குந்தினோம். மச்சான் பாணைப் பிய்த்துச் சம்பலோடு எனக்குத் தந்தான்.

தூறல் விட்டது. காற்று விடவில்லை. சாப்பிட்டு முடித்து எழும்ப முழங்காலில் கையை ஊன்றினேன். அப்போது ஒரு சத்தம் கேட்டது. தாராக் கூட்டம் கதைக்கிற மாதிரி, ஆனால் தடித்த குரல். தட்டியின் கண்ணால் பார்த்தேன்.

கோடு கிட்ட வந்துகொண்டிருந்தது.

பறக்கவில்லை. நடந்து வந்தன. ஒரு ஊர் திருவிழாவுக்கு வருகிற மாதிரி, ஆறுதலாக, எல்லாரும் ஒரே திசையில். முன்னால் வந்தவை மேட்டில் கால் வைத்தன. நின்றன. கழுத்துகள் நிமிர்ந்தன. எங்களைப் பார்க்கின்றன என்று நினைத்தேன். பிறகு ஒன்று தலையைக் குனிந்தது. எல்லாம் குனிந்தன.

தலைகீழாகச் சொண்டைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு, காலால் சேற்றை மிதித்து மிதித்துத் தன்னைத் தானே சுற்றி வந்தன. நாங்கள் கம்படியை இளக்குவது போலவே. தண்ணீரைச் சொண்டால் உறிஞ்சி விடுகிற சத்தம், மழை ஓலையில் விழுவது போலக் கேட்டுக்கொண்டே இருந்தது. அவை எங்கள் கம்பருகே வந்தன. நடைபாதையின் கீழும் ஒன்று குனிந்து போனது. சிலாகை இடைவெளியால் அதன் முதுகு தெரிந்தது. கையை விட்டால் தொடலாம். தூரத்தில் ரோசா என்று கண்டது கிட்டத்தில் வெள்ளைதான். ஒன்று செட்டையை விரித்தது. அதற்குள் வைத்திருந்தது எல்லா நிறத்தையும். நெருப்புச் சிவப்பு, அதன் ஓரம் கறுப்பு. விரித்தது, மடித்தது. ஒன்றும் நடக்காத மாதிரி மேய்ந்தது.

நான் கோவிலில் அழாதவன். அங்கேயும் அழவில்லை. ஆனால் வாயைத் திறந்தபடி இருந்திருக்கிறேன். பாண் துண்டு விழுந்தது தெரியவில்லை.

மச்சான் என் தோளைத் தொட்டுக் கரைப்பக்கம் காட்டினான். மிஸ் வந்துவிட்டார். நடைபாதையின் வளைவில், ஒரு மறைப்பும் இல்லாத இடத்தில், சிலாகையின் மேல் குந்திவிட்டார். கத்தியும் உளியும் வைத்த ஆயுதப் பையை மடியில் அணைத்துக்கொண்டு. முன்னும் போக முடியாது, பின்னும் போக முடியாது. பறவைகள் அவரைச் சுற்றியும் மேய்ந்தன.

அதற்குப் பிறகுதான் அது நடந்தது.

"அத்தான்" என்று மச்சான் மூச்சால் சொன்னான். "அங்கை பார். அக்கா."

மேட்டின் மற்றப் பக்கத்தால் என் மனைவி வந்துகொண்டிருந்தாள். பறியின் கயிற்றைப் பல்லில் கடித்தபடி. முதுகு தண்ணீரோடு சமமாக. இரண்டு கையும் சேற்றுக்குள். வலையில் நாங்கள் நிற்கிற நேரம் வேறு, அவள் தடவுகிற நேரம் வேறு. இத்தனை வருடத்தில் அவள் அந்த வேலை செய்வதை நான் முன்னால் நின்று பார்த்ததில்லை.

எழும்பப் போகின்றன என்று நினைத்தேன். எழும்பவில்லை. அவள் வர வர முன்னால் நின்றவை விலகின. ஒரு முற்றத்து அகலம். அவள் கடந்து போகப் பின்னால் மூடின. அவளுடைய தலையும் கீழே. அவற்றின் தலையும் கீழே. அவளுடைய கையும் சேற்றைத் தடவுகிறது. அவற்றின் காலும் சேற்றை மிதிக்கிறது. ஒரே சேறு, ஒரே இறால்.

நடுவில் வந்ததும், குனிந்து குனிந்து நாரி பிடித்ததோ என்னவோ, நிமிர்ந்தாள். எல்லாத் தலையும் ஒன்றாக நிமிர்ந்தன. இவ்வளவும் கட்டி, இவ்வளவும் காத்திருந்து, இப்போது இவள். அவள் அசையவில்லை. பறியின் கயிறு வாயில் தொங்க, அவற்றைப் பார்த்தாள். சுற்றித் திரும்பிப் பார்த்தாள். அவை அவளைப் பார்த்தன. காற்று அவளுடைய சட்டையை அடித்தது. நெடுநேரம். பிறகு அவள் குனிந்தாள். அவையும் குனிந்தன.

கொட்டிலுக்குக் கிட்ட வந்தபோது பறியை வாயிலிருந்து கையில் எடுத்தாள். முன்னால் நின்ற ஒரு பெரிய பூநாரையைப் பார்த்துச் சொன்னாள்.

"இவ்வளவு நாளும் எங்கை நிண்டனீங்கள்? இப்ப வந்து வழியை மறிச்சுக்கொண்டு. தள்ளு. எனக்கும் கொஞ்சம் விடு."

மச்சான் சாரத்தை அள்ளி வாயில் அடைத்தான். அவனுடைய முதுகு குலுங்கியது. நான் அவன் தலையைப் பிடித்து அமத்தினேன். ஒரு சத்தம் வெளியே போய்விட்டது. பூநாரை கொஞ்சம் தள்ளியது. அவள் தடவிக்கொண்டே கடந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

வெயில் ஏறும்வரை நாங்கள் அசையவில்லை. அவை தாமாகவே மேட்டின் மற்ற முனைக்கு நகர்ந்த பிறகுதான் மிஸ் முழங்காலில் தவழ்ந்து கொட்டிலுக்கு வந்தார். முழங்கால் முழுக்கச் சிராய்ப்பு.

"என்ன செய்தியள்? எதைக் கழட்டினீங்கள்?"

"இந்த ரெண்டு சிலாகையும்" என்றேன்.

"அதுக்கு முன்னம்?"

மச்சான் மடியிலிருந்து துணியை எடுத்தான். மிஸ் அதைக் கையில் வாங்கி விரித்தார். வாடைக்காற்று அவருடைய கையிலிருந்து அதைப் பறிக்கப் பார்த்தது. படபடவென்று அடித்தது. மூவரும் அதைப் பார்த்தோம்.

"இது எவ்வளவு நாளா நிண்டது?"

"கட்டி முடிச்ச அண்டைக்கே" என்றான் மச்சான். முகம் செத்துப்போயிருந்தது. "வள்ளம் முட்டாமல் இருக்க மிஸ். எல்லாக் கம்புக்கும் கட்டுறதுதானே."

"நானும் நிண்டனான். கண்டனான்." மிஸ் துணியை மடித்தார். "நீரேரி முழுக்க உதுதானே. எனக்கும் அது கம்பு மாதிரித்தான் தெரிஞ்சது."

சோழகத்தில் கட்டிய துணி கரைப்பக்கம் பறந்தது. வாடைக்கு மேட்டுக்கு மேலே பறந்தது. எங்கள் வலைக்குக் கிட்டப் பூநாரை ஒருநாளும் மேய்ந்ததில்லை. வலைக்குப் பயம் என்று இருந்துவிட்டேன்.

"இனி என்ன மிஸ்?" என்று மச்சான் கேட்டான். "கழட்டுறதோ, விடுறதோ?"

மிஸ் தட்டியின் கண்ணால் மேட்டைப் பார்த்தார். அவை இன்னும் நின்றன.

"கயிறு கிடக்கோ?" என்றார்.

கிடந்தது. இரண்டு சிலாகையையும் திரும்ப வைத்துக் கட்டினோம். மெதுவாக, இருந்தபடியே. அவர் முடிச்சைப் பிடித்தார், நான் இறுக்கினேன்.

மத்தியானம் வீட்டுக்குப் போனேன். மனைவி இறாலை உடைத்துக்கொண்டிருந்தாள். என் கையில் ஆயுதப் பை மட்டும் இருப்பதைப் பார்த்தாள். ஒரு கம்பும் கரைக்கு வரவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கால் கழுவிவிட்டு வந்து இருந்தேன். அவள் பெரிய இறாலாகப் பார்த்து என் பக்கம் ஒதுக்கினாள்.

"இஞ்சேருங்கோ."

"என்ன?"

"உந்தப் பரணுக்குள்ளை இருந்து ஆரோ சிரிச்சது கேட்டது. குருவி பாக்க வாறவை சிரிக்கக் கூடாதெண்டு ஒரு பலகை போடச் சொல்லுங்கோ, அந்தப் பிள்ளையிட்டை."

"சொல்லுறன்" என்றேன்.